இன்னும் ஐந்து மில்லிவோல்ட்

குறைப்பாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் பேர்வழி என்று அதன் முன்னால் உட்கார்ந்து, கொஞ்சம் குறைத்து, காதைத் தீட்டிக் கேட்டு, தலையை ஆட்டி, மறுபடியும் கொஞ்சம் குறைத்து, கடைசிவரை அதைப் பயன்படுத்தாமலே எழுந்து போகிறவர். அசல் மாதிரி வேண்டுமா? என் அக்கா வீட்டுக்காரரைப் பாருங்கள். பல் டாக்டர்.

பகலெல்லாம் டிரில் சத்தத்தில் நிற்கிற மனுஷன் சாயங்காலம் கம்ப்யூட்டரில் கேம் ஆட உட்கார்ந்தால், படங்களைத் திரையில் வரைந்து தள்ளுகிற கிராபிக்ஸ் கார்டு சூடேறி, அதன் மூன்று ஃபேன்களும் மிக்ஸி மாதிரி கத்தும். ஒருநாள் ஒரு நோயாளி, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கம்பெனியில் கார்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புவார்களாம். அதைக் குறைத்தால் சூடு குறையும், கரண்ட் மிச்சமாகும், ஃபேன் அடங்கும். கேம் அதே வேகத்தில் ஓடும். இதற்கு அண்டர்வோல்ட் செய்வது என்று பெயர். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. நூறு மில்லிவோல்ட் குறைத்ததும் மிக்ஸி முணுமுணுப்பாக இறங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நிறுத்திவிட்டால் அவர் எப்படிக் குறைப்பாளர்?

"இன்னும் அஞ்சு குறைச்சுப் பார்க்கலாம்டா மாப்ளே" என்பார் என்னிடம். குறைப்பார். ரொம்பக் குறைந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடுமாம்; அதற்காகச் சோதனைப் புரோகிராமை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பார்ப்பார். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கண்ணாடியைப் பெட்டிக்குள் நீட்டி, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் ஃபேன் இறக்கைகளைப் பார்ப்பார். பிறகு அப்பாயிண்ட்மென்ட் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவார்: "880 – தாங்கியது. 875 – தாங்கியது." கேம் ஆடினாரா? எங்கே நேரம்?

இதில் இன்னொரு கூத்து. கார்டு அடங்க அடங்க, வீட்டில் மற்ற சத்தமெல்லாம் அவர் காதில் விழ ஆரம்பித்தது. ஃபிரிட்ஜுக்கு அடியில் ரப்பர் துண்டு வந்தது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார்.

"மணி என்னன்னு அவர்கிட்டதான் கேக்கணும்" என்றாள் அக்கா. "கேட்டா, மெதுவா கேளுங்கறார். நான் என்ன பண்ண?"

எல்லாவற்றையும் அக்கா பொறுத்துக்கொண்டாள். மகள் விஷயத்தில்தான் விவகாரம் முற்றியது. அப்பாவும் மகளும் சேர்ந்து நாலு மாதமாக ஒரு கேம் ஆடிவந்தார்கள். ஆளுக்கொரு கண்ட்ரோலர். மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம்: பனிக்கோட்டை வாசலில் நிற்கும் கல் பூதம். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாளும் வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி.

"அப்பா, போறதுக்குள்ள பூதத்தை முடிச்சிடணும். அங்க போய் யாரோட ஆடுவேன்?" என்று அவள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த டெஸ்ட் மட்டும் முடியட்டும் கண்ணு" என்று அவரும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஒருவழியாக உட்கார்ந்தார்கள். பெட்டி கப்சிப். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். ஒன்றரை மணி நேரம் உருண்டு புரண்டு அடித்து, பூதத்துக்கு உயிர் நூலளவு பாக்கி. மகள் கடைசி அடிக்கு வாளை ஓங்கினாள். திரை கறுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாகவே எழுந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து மூணு மணி நேரம் தாங்குச்சே!"

"அந்த டெஸ்ட்ல பூதம் இல்லையேப்பா" என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும்.

"காலைல ஒரு அஞ்சு குறைச்சேன். அதை மட்டும் ஏத்திடறேன், போதும்."

"வேணாம்பா. பழையபடியே வைங்க."

"பழையபடின்னா சத்தம் போடுமேம்மா?"

"என்னங்க!" என்று அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள். "வண்டி வர இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு. உங்களுக்கு சத்தம் வேணாமா, பொண்ணு வேணாமா?"

மனுஷன் ஒரு விநாடி தான் எழுதிவைத்த சீட்டுகளைப் பார்த்தார், ஒரு விநாடி மகளைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்கே திருப்பிவிட்டார். மூன்று ஃபேன்களும் ஆனந்தமாகக் கத்தின. ஐந்தே முக்காலுக்குப் பூதம் சாய்ந்தது. அப்போது அவர் போட்ட கூச்சல் இருக்கிறதே, மாடி வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்! ஃபேன் சத்தம் தன் காதில் விழவே இல்லை என்று அத்தானே பிறகு சொன்னார்.

மகள் போய்விட்டாள். வீடு, அவர் ஆசைப்பட்டபடியே, பரம அமைதி. அவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. கடிகாரத்துக்குப் பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது எனக்கு. திருந்திவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"அப்பா, ஹாஸ்டல் ரூம் ஃபேன் கடகடங்குது. மூணுல வச்சா சத்தம், ரெண்டுல வச்சா காத்து இல்ல. நடுவுல எங்கயோ ஒரு இடம் இருக்குப்பா. ரெண்டு நாளா தேடிட்டிருக்கேன். சாப்பிடக்கூட போகல."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பொண்ணுடா!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனில் குரலைத் தாழ்த்தினார். "அவசரப்படாத கண்ணு. துளித்துளியா குறை. எல்லாத்தையும் எழுதி வச்சுக்கோ."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் நாற்காலியை எத்தனை தடவை நகர்த்தினீர்கள், தலையணையை எத்தனை தடவை தட்டினீர்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். இன்னும் ஒரு துளி சாய்ந்துகொண்டால் சரியாக இருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது, இல்லையா?