பச்சைப் பட்டனுக்கே முன்னுரிமை

“நூல் மொதலாளியா, நான் மொதலாளியா?” என்றார் யூனிட் ஓனர் சிவசுப்பிரமணியம்.

பனியன் துணி பின்னும் மெஷினுக்கு முருகவேல் செய்த கன்ட்ரோல் போர்டுக்கு இன்று சோதனை ஓட்டம். சாயங்காலத்துக்குள் ஓட்டையில்லாமல் ஒரு ரோல் இறங்கினால் யூனிட் முழுக்க அவன் போர்டுதான். இல்லாவிட்டால் மறுபடி மிக்சி ரிப்பேர்.

“அப்படியில்லீங்க. உள்ள இருக்கற மைக்ரோகன்ட்ரோலருக்கு ஒரே மூளைங்க. யாராச்சும் கூப்புட்டா, செய்யற வேலைய விட்டுட்டு ஓடும். அதான் இன்டரப்ட். ரெண்டு பேரு ஒண்ணாக் கூப்புட்டா, யாருக்குப் பிரியாரிட்டியோ அவங்ககிட்டப் போகும். நூல் அறுந்தா மொதல்ல மெஷின நிறுத்தோணுங்க. உங்க போன்ல இருந்து கேக்கறதுக்கு அப்பறம்...”

“நான் போன்ல பட்டன அமுக்குனா எத்தன கிலோ துணி ஓடிருக்குன்னு உடனே பதில் வரோணும். நூலு காத்திருக்கட்டும். பட்டன் பெருசா, பச்சையா இருக்கட்டும். கண்ணாடி போடாமத் தெரியோணும்.”

மாற்றிக் கொடுத்தான். எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு வேண்டிக்கொள்ள, டிரைவர் அங்கமுத்துவோடு சிவன்மலைக்குக் கிளம்பினார் அவர்.

சற்று நேரத்தில் ஓனர் போனிலிருந்து பட்டன் அழுத்தல் வர ஆரம்பித்தது. விடவேயில்லை. போர்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் நூல் அறுந்தது, மெஷின் நிற்கவில்லை.

“ஏனுங்க, துணியில கையே நொழையுதுங்க! நிறுத்தீரட்டுங்களா?” என்று கத்தினாள் ஆபரேட்டர் கோமளா.

“நிறுத்துனா கிலோ ஏறாது, ஓனருக்குத் தெரிஞ்சுரும்!” என்று ஓடி வந்தார் மேனேஜர் அருள்குமார். “அவரு எதையோ மோப்பம் புடிச்சுட்டாரு. அவருக்குத் தெரியறது எனக்கும் தெரியோணும். என் போனுக்கும் அதே பிரியாரிட்டி குடு!”

கொடுத்தான். போர்டு இருவருக்கும் மாறி மாறிப் பதில் சொன்னது. ஓட்டைகள் இரட்டிப்பாயின.

“நூலையே பிரியாரிட்டியில மேல ஏத்தீர்றனுங்க,” என்றான் முருகவேல்.

“ஓனருக்குப் பதில் லேட்டானா என் வேலை போயிரும்.”

“அப்ப அவருக்குப் போனப் போட்டு அமுக்க வேண்டாம்னு சொல்லுங்க!”

அருள்குமார் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. ஆனால் பட்டன் மட்டும் மறுபடி அழுந்தியது.

“போச்சு. கோவத்துல இருக்காரு.”

சாயங்காலம் ரோலை விரித்தார்கள். கொசுவலைக்கு வேண்டுமானால் ஆர்டர் பிடிக்கலாம். அந்த நேரம் பார்த்துத் திருநீற்று நெற்றியோடு வந்து நின்றார் சிவசுப்பிரமணியம்.

“எவன்டா மெஷின வேலை செய்ய உடாம நோண்டுனது?”

“நீங்கதானுங்க! காலையிலிருந்து பட்டன அமுக்கிட்டே...” என்றான் முருகவேல்.

“நானா? நான் கோயில் வரிசையில நின்னனப்பா! போனு கார்லயே கெடந்துச்சு.”

எல்லார் பார்வையும் கார் சாவியோடு நின்ற அங்கமுத்துவின் மேல் விழுந்தது.

“‘லாக் ஆனா எனக்குத் தொறக்கத் தெரியாது, ஸ்கிரீன் அணையாமப் பாத்துக்க’ன்னு நீங்கதானுங்க சாமி சொன்னீங்க? அணையப் போறப்பெல்லாம், பெருசா இருந்த அந்தப் பச்சைப் பட்டன அமுக்கிவுட்டனுங்க!”