சரோஜினியின் கைகளுக்காக நான் கேட்ட ஜெபம்

கிழக்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான ஆபேல் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஜீவரத்தினம் எழுதுவது.

வேலூரில் நீங்களும் அக்காவும் தேவகிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அவ்விதமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுத மனசு வரவில்லை. உங்கள் தங்கை சரோஜினி ஜப்பான் விளையாட்டு விளையாடுகிறாள். போனில் சொன்னால் அவள் காதில் விழுந்துவிடும் என்பதால்தான் இந்தக் கடிதம், கூரியரில் நாளைக்கே கிடைத்துவிடும். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள், நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை.

நான் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் மின்சார ஆபீசுக்குப் போய்விட்டு வெயிலில் திரும்பி வந்து கேட்டைத் திறக்கிறேன், உள்ளே தடதடவென்று சத்தம். பட்டப்பகலில் எவனோ பீரோவை உடைக்கிறான் என்று குடையை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். பாய்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன், மச்சான். மகள் ஜோசலின் வேலை கிடைத்து புனேவுக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால், காதில் பெரிய ஹெட்போன், கொண்டை அவிழ்ந்து தோளில் கிடக்க, நம்ம சரோஜினி ஒரு பெட்டியை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருக்கிறாள்! "சரோ" என்றேன். திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்ததே கிடையாது. கிட்டே போய்த் தோளைத் தொட்டால், "கொஞ்சம் இருங்க, பாட்டு நடுவுல நிறுத்த முடியாது" என்கிறாள். நான் குடையோடு நின்றேன். பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். ஜப்பானில் கடைத்தெருவிலேயே இதற்கென்று கூடங்கள் உண்டாம், பீரோ உயர மெஷினுக்கு முன்னால் நின்று ஜனங்கள் விளையாடுவார்களாம். அதையே வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடலாம் என்று, நாங்கள் பெற்ற பெண், அம்மாவின் பிறந்தநாளுக்கு வடை அளவு பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டியை கூரியரில் அனுப்பியிருக்கிறாள். பாட்டு ஓடும், மேலேயிருந்து கலர் கலராகக் கட்டைகள் இறங்கும், அவை கீழே இருக்கும் கோட்டைத் தொடுகிற நேரம் பார்த்து பொத்தானைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒன்று மின்னி மறைகிறது. ஒரு எழுத்து வந்தால் அருமை, இன்னொன்று வந்தால் பரவாயில்லை, வேறொன்று வந்தால் தப்பு. அதையெல்லாம் ஜோசலின் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்து, உங்கள் தங்கை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கை அல்லவா, கண்ணால் பின்தொடர முடியாத வேகம். வீட்டு வேலைக்கு வரும் தனம் கூட என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், அம்மா அந்தப் பொட்டியப் போட்டு அந்த அடி அடிச்சிகினு கீறாங்க, நீ பாட்டுக்கு பேப்பர் படிச்சிகினு கீற? இன்னா கோவமோ, போய்க் கேளு சார்" என்கிறாள். அவமானமாக இருந்தது.

இதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். சாயங்கால ஜெபத்தில் முழங்கால் போட்டு நான் ஊரிலுள்ள நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் டொக் டொக் என்று சத்தம். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது தப்புதான், திறந்தேன். கண்ணை மூடியபடி கட்டில் விளிம்பில் தாளம் தட்டுகிறாள்! அன்றைக்கே நம் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் விண்ணப்பம் போட்டேன். ஜப்பான் விளையாட்டு என்று எழுத வெட்கமாக இருந்ததால், "என் மனைவி சரோஜினியின் கைகளுக்காக ஊக்கமாக ஜெபிக்கவும்" என்று மட்டும் எழுதினேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். நம் சபை எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருவருக்கு ஜெபம் என்று குழுவில் வந்துவிட்டால், பெண்கள் ஐக்கிய சங்கம் பழத்தோடு வீட்டுக்கு வராமல் இருக்காது.

நேற்றுக் காலையில் ரோஸி அக்கா தலைமையில் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், வலிக்குத் தடவ ஏதோ ஒரு எண்ணெய். ரோஸி அக்காதான் சங்கத்துக்குச் செயலாளர், அவரை ஆயரே எதிர்த்துப் பேசமாட்டார். நான் கேட்டிலேயே மறித்து, "தூங்குறாக்கா, அப்புறம் வாங்களேன்" என்றேன். உள்ளேயிருந்து தடதடதட. "பாவம், கை உதறிக்கிட்டுக் கெடக்கா போல" என்று ரோஸி அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அறை வாசலில் எல்லாரும் நின்றார்கள். ஹெட்போன் மாட்டிய உங்கள் தங்கைக்கு உலகமே தெரியவில்லை. பத்து விரலும் பறக்கிறது. "அல்லேலூயா!" என்று ரோஸி அக்கா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. "பக்கவாதம்னு சொன்னாங்களே, பாருங்கடி இந்தக் கைய!" பக்கவாதம் என்று எவன் சொன்னான், மச்சான்? வாய் வழியாகப் போகப் போக கை வலி பக்கவாதமாகிவிட்டிருக்கிறது. அத்தனை பேரும் அங்கேயே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் பண்ண, நானும் அவர்களோடு முழங்காலிட்டேன். வேறு என்ன செய்வது? பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்த சரோஜினி, தன் அறையில் ஒரு சபையே மண்டியிட்டிருப்பதைக் கண்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது.

சாயங்காலம் ஆயர் போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சரோஜினி அம்மா முன்னால் வந்து, கர்த்தர் தன் கைகளைச் சுகமாக்கிய சாட்சியைச் சொல்ல வேண்டுமாம். "கை கொஞ்சம் மரத்திருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடு" என்று கெஞ்சினேன். "தேவ சமூகத்துல நான் பொய் சொல்லமாட்டேன். என் கை நல்லாத்தான் இருந்துச்சு, இவருக்குத்தான் பொறுக்கலைன்னு சொல்வேன்" என்கிறாள். மைக்கில் சொல்வாளாம்! முப்பது வருஷமாக நான் காணிக்கைப் பை பிடித்த சபையில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

அப்படி அந்தப் பெட்டியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். "ஒவ்வொரு தட்டுக்கும் அது சொல்லுதுங்க, நல்லா இருக்குன்னு" என்றாள். இதென்ன பெரிய விஷயம்? திருமுடிவாக்கம் கம்பெனியில் ஆயுசு முழுக்க இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். கெட்ட பீஸுக்குத்தான் சிவப்பு பெயின்ட் வைப்போம். நல்ல பீஸ் பேசாமல் போய்விடும், அதற்கு யாரும் பூச்சூட்டமாட்டார்கள். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கி, "சரியா இருக்கறத எதுக்கு சரியா இருக்குன்னு சொல்லணும்? குழம்புல உப்பு கூடினாத்தானே நான் வாயைத் திறக்கறேன்?" என்றேன். "அதாங்க" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். என்ன அதாங்க என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, சனிக்கிழமைக்குள் எப்படியாவது புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அவளுக்குப் புத்தி சொல்லி, போகும்போது அந்தக் கம்ப்யூட்டரையும் பெட்டியையும் வேலூருக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இது என் மானப் பிரச்சினை. அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் முழங்கால் வலியில்லாமலும், ஜப்பான் சாமான் ஒன்றும் வீட்டுக்குள் வராமலும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
ஜீவரத்தினம்.

பின்குறிப்பு: கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் சரோஜினி நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக்கொண்டிருக்கிறாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். கம்பெனியிலோ வீட்டிலோ என் எழுத்தை, என் வேலையை, ஒரு ஆள் நல்லா இருக்கு என்று சொல்லிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இன்னொரு முறை சொல்லமாட்டாளா என்று இருந்தது. பதிலுக்கு நானும் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "காபியில சர்க்கரை கம்மி" என்று வந்துவிட்டது. அதனால் ஆயருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சரோஜினி சொல்லவில்லை, அவள் கைகளைப் பற்றி நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். ஆனால் நீங்கள் கட்டாயம் வாருங்கள். வீட்டில் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். நடுவில் நான் நின்றுவிட்டால், முன் பெஞ்சிலிருந்து தலையாட்ட ஒரு ஆள் வேண்டும்.