நெருப்பு கேட்காத அப்பி அண்ணன்

முப்பது வருடம் சிகரெட் பிடித்து, அதில் ஒரு நாள்கூடச் சொந்தமாக லைட்டரோ தீப்பெட்டியோ வைத்துக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கூலிம் ஹைடெக் பூங்காவில் எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மறுப்பவர்கள் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம். நான் படிக்க மாட்டேன்.

அவருடைய நிஜப் பெயர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் அப்பி அண்ணன். மலாயில் அப்பி என்றால் நெருப்பு. காலையில் செர்டாங்கிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், காதில் செருகியிருக்கும் சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு, எதிரே வருகிற முதல் ஆளிடம் "அடா அப்பி?", நெருப்பு இருக்கிறதா, என்பார். கேட்கப்படுபவர் மேனேஜரா, கேட்டில் நிற்கும் நேப்பாளிக் காவலாளியா என்ற பாகுபாடெல்லாம் அவருக்குக் கிடையாது.

"ஏன்ணே, ஒரு லைட்டர் வாங்கி வச்சுக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

"லைட்டர பாக்கெட்ல வச்சா அந்த கேஸு நேரா நெஞ்சுக்குள்ள எறங்கும் தம்பி. ஒடம்புக்கு ஆவாது."

இதைச் சொல்லிவிட்டு, அன்றைய பதினோராவது சிகரெட்டை அதே நெஞ்சுக்குள் இழுப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் தொழிற்சாலையில் தீயணைப்புப் பயிற்சி. சைரன் ஊதி, அத்தனை பேரும் வெளியே ஓடி, கார் நிறுத்தும் இடத்தில் வரிசை வரிசையாக நின்றோம். தீயணைப்பு அதிகாரி ஒருவர் தலைக்கவசமும் தடித்த அங்கியுமாக, நெருப்பின் கொடுமைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசி முடித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். அப்பி அண்ணன் வரிசையை விட்டு விலகி, நேராக அவரிடம் போய்ச் சிகரெட்டைக் காட்டி, "என்சிக், அடா அப்பி?" என்றார். அதிகாரி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், அங்கிக்குள் கையை விட்டு ஒரு லைட்டரை எடுத்து நீட்டினார். அந்த அதிகாரி மேல் எனக்கு இன்றுவரை கொஞ்சம் பொறாமை உண்டு.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அப்பி அண்ணன் வேறு யாரிடமும் நெருப்பு கேட்கவில்லை. என்னிடம் மட்டும்தான் கேட்டார்.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியாது. நான் ஸ்டோர் குமாஸ்தா, அவர் ஸ்டோர் ஃபோர்க்லிஃப்ட், அதனால் இருக்கலாம். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு புகைக் கொட்டகை இருந்தது. உள்ளே சிப் செய்கிறவர்கள் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு வர வேண்டும், திரும்பும்போது வாயைக் கொப்பளித்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் வந்து சேருவதற்குள் பாதி இடைவேளை போய்விடும். நாங்கள் இருவரும் பத்து மணிக்கு டாண் என்று பெஞ்சில் இருப்போம். அவர் குனிவார், நான் பற்ற வைப்பேன். பதினொரு வருடம் இது நடந்தது. ஒருமுறை பேக்கிங் பிரிவு ரம்லி முந்திக்கொண்டு தன் லைட்டரைத் தட்டி நீட்டினான். அப்பி அண்ணன் அந்த நெருப்பைச் சுற்றிக்கொண்டு தலையைத் திருப்பி என் பக்கம் குனிந்தார். அன்று சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குக் காரை ஓட்டினேன்.

"கல்யாண நாள மறந்துடுறீங்க. லைட்டர்ல கேஸ் இருக்கான்னு மட்டும் தெனம் பாக்குறீங்க," என்றாள் என் மனைவி. பதில் சொல்ல முடியாத பேச்சுகளை நான் காதில் வாங்குவதில்லை.

பிறகு அந்த வேப், அதாவது மின்சார சிகரெட், வந்தது.

ஒரு நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பி அண்ணனைப் பார்த்ததும் என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. காதில் சிகரெட் இல்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் காது அம்மணமாக இருந்தது.

"விட்டாச்சு தம்பி," என்றார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் நீல நிறத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "மருமகன் வாங்கிக் குடுத்தாரு. மக மாசமா இருக்கா. ரோக்கோ பொக வாட பட்டாலே வாந்தி எடுக்குறா. இனிமே இதான்."

நான் பழக்க தோஷத்தில் லைட்டரை எடுத்துவிட்டிருந்தேன். "அப்பி வேணுமாண்ணே?"

"இதுக்கு எதுக்குலா அப்பி? இழுத்தாலே போதும்."

இழுத்தார். பண்டான் இலை போட்டுப் பலகாரம் அவித்த வாசனையோடு ஒரு வெள்ளை மேகம் வந்து என் முகத்தை மூடிவிட்டுப் போனது. நல்ல மனிதனாக இருந்தால் அவர் சிகரெட்டை விட்டதற்குச் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கு அழுகை வந்தது.

கிளினிக் நர்ஸ் அவரிடம், "சிகரெட்ட உட்டுட்டு இதப் புடிச்சுக்கிட்டீங்களா அங்கிள்? இதுவும் கெடுதல்தான்" என்று சொன்னாராம். "கெடுதல்னா எதுக்கும்மா இவ்ளோ நல்ல வாசன அடிக்குது?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். நர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த மாதம் செர்டாங்கில் எங்கள் சூப்பர்வைசரின் மாமியார் இறந்துபோனார். ஸ்டோர் ஆட்கள் எல்லோரும் போனோம். கூடத்தில் ஒப்பாரி நடந்துகொண்டிருக்கும்போது ஓர் அத்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"யாருடி அது, பொணத்த வச்சுக்கிட்டு பண்டான் கூய் அவிக்கிறது?"

"அடுப்பே மூட்டலையே அத்த!"

அத்தை எழுந்து பின்வாசலுக்குப் போனார். வாழை மரத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி, பண்டான் மணத்தோடு அவரை நோக்கி மிதந்து வந்தது. இறந்துபோன அம்மாளுக்குப் பண்டான் கூய் என்றால் உயிராம். "அக்கா, வந்துட்டியாக்கா!" என்று ஒரே கூச்சல் போட்டுவிட்டு அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பி அண்ணன் மேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்து, "நாந்தாங்க, நாந்தாங்க" என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வீடே அன்று துக்கத்தை மறந்து சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் வேலியோரம் நானும் அவரும் சேர்ந்துதான் நிற்போம். இந்த முறை அவர் பாட்டுக்கு வாழை மரத்தடிக்குப் போய்விட்டார். வேலியோரம் நான் மட்டும் நின்றேன்.

இதுவரைக்கும் பரவாயில்லை. இனிமேல்தான் பெருமாள் வருகிறான்.

அந்த நீலக் குழலுக்கு நெருப்பு வேண்டாம், சார்ஜ் வேண்டும். காலை முழுவதும் இழுத்தால் பத்து மணிக்கு அதற்கு உயிர் போய்விடும். அப்பி அண்ணனிடம் சார்ஜர் இருந்ததா என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் அறையைப் பார்த்துக்கொண்டவன் பெருமாள். என் வயதுக்காரன், சிகரெட்டைத் தொடாதவன். அவனிடம் எல்லா வகை ஒயர்களும் இருந்தன. ஃபிளாஸ்க் நிறையக் கோப்பியும் இருந்தது.

பேட்டரி அறையில் வாயு கசியும் என்பதால் வாசலில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். லைட்டர், தீப்பெட்டி எது இருந்தாலும் கோட்டுக்கு வெளியே ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். கோட்டுக்கு உள்ளே ஒரு பெஞ்சு. பத்து மணிக்கு அப்பி அண்ணன் அந்த பெஞ்சில், பெருமாள் பக்கத்தில். நான் நாற்பது அடி தள்ளிக் கொட்டகையில், கையில் லைட்டரோடு.

என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. சிரிப்பது மட்டும் கேட்கும். புகை பிடிக்கக்கூடாத இடத்தில் இரண்டு ஆண்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து அப்படி என்னதான் சிரிக்க முடியும்? பெருமாளை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஜோக்கை உருப்படியாகச் சொல்லத் தெரியாதவன்.

நானும் கூலிம் பட்டணத்துக்குப் போய் ஒரு வேப் வாங்கினேன். லைச்சிப் பழ வாசனை. கொட்டகையில் முதல் இழுப்பு இழுத்ததும் வந்த இருமலில் கண்ணாடி கழன்று மணல் வாளிக்குள் விழுந்தது. அந்த வழியாக வந்த அப்பி அண்ணன் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"ஒனக்கு எதுக்குலா இது? ஒனக்குத்தான் ரோக்கோ ஒத்துக்குதே," என்று சொல்லிவிட்டுப் பேட்டரி அறைக்கு நடந்தார்.

அடுத்ததாகப் பவர் பேங்க் ஒன்றை வாங்கி வந்தேன். "அண்ணே, இங்கேயே சார்ஜ் போட்டுக்கலாம், கொட்டகையிலயே உக்காருங்க" என்றேன். கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இதுல வர்ற கரண்ட்டு பிள்ளைங்க கரண்ட்டு தம்பி. பெருமாளு ரூம்ல வர்றது ஃபோர்க்லிஃப்ட்டையே ஓட வைக்கிற கரண்ட்டு. ஒருவாட்டி போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்குது."

மின்சாரத்தில் அப்படி ஜாதி கிடையாது என்று படம் வரைந்துகூடக் காட்டினேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வெள்ளைத் தாளில் மலாயில், பெரிய எழுத்தில், கையை மாற்றி எழுதினேன். 'பேட்டரி அறை 7இல் தொழிலாளர்களின் சொந்தச் சாதனங்களுக்கு சார்ஜ் போடுகிறார்கள். ஆபத்து. இப்படிக்கு, நலம் விரும்பி.' எழுதிய தாளைப் பாதுகாப்பு அதிகாரியின் பெட்டியில் போட்டேன். அன்று மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது.

மறுநாளே பெருமாளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். சொந்தச் சாதனங்களுக்கு சார்ஜ் போடக்கூடாது என்று கதவில் தாள் ஒட்டினார்கள். பத்து மணிக்குக் கொட்டகையில் பெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அப்பி அண்ணன் வந்தார். சட்டைப் பையிலிருந்த குழலைத் தட்டிப் பார்த்தார். அதற்கு உயிர் இல்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, நேராகப் போய்ப் பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சார்ஜும் இல்லை, புகையும் இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார். பெருமாள் கோப்பி ஊற்றிக் கொடுத்தான். இருவரும் சிரித்தார்கள்.

என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு வயிறெரிந்தது கிடையாது. அந்த ஆள் சார்ஜுக்காக அங்கே போகவில்லை. அப்படியானால் பதினொரு வருடம் என்னிடம் வந்தது எதற்காக? நெருப்புக்காக மட்டும்தானா? நான்கு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கெடுப்பில் ஒரு பாலட் சாமானை இரண்டு முறை எண்ணித் திட்டு வாங்கினேன். ஐந்தாம் நாள் பத்து மணிக்குக் கால்கள் தாமாகவே மஞ்சள் கோட்டுப் பக்கம் போயின. லைட்டரை எடுத்துத் தட்டில் போட்டேன். சட்டைப் பை லேசாகிவிட்டது, எனக்குக் கூச்சமாக இருந்தது.

"என்னாப்பா, என்னா வேணும்?" என்றான் பெருமாள்.

என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. "சும்மாதான்," என்றேன்.

அப்பி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க்குக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் மொட்டைக் கடிதம்.

"அதிகாரி பெருமாளுகிட்ட குடுத்துட்டுப் போனாரு. ஏழு நம்பருக்குக் குறுக்கால கோடு போடுறவன் இந்தக் கிலாங்ல, இவ்ளோ பெரிய ஃபேக்டரில, நீ ஒருத்தன்தான். பதினோரு வருசமா நீ எழுதுற சீட்டப் பாத்துத்தானலா சாமான் தூக்குறேன்?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பெருமாள் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே கேட்டிருக்கலாம்லண்ணே?"

"கேட்டா நீ இந்தப் பக்கமே வரமாட்ட." பெருமாளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "தள்ளி ஒக்காருலா. நம்ம ஆளு வந்துருக்கான்."

பெருமாள் தள்ளி உட்கார்ந்தான். நான் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை. பெருமாள் ஒரு ஜோக்கைச் சொல்லி அதன் முடிவை மறந்துவிட்டான், அதற்கு மூவரும் சிரித்தோம். அந்த இடைவேளையில் நான் சிகரெட் பிடிக்கவில்லை என்பது மத்தியானம்தான் தெரிந்தது. அதனால் நானும் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு மணிக்குப் பிடித்தேன்.

போன வருடம் அப்பி அண்ணன் ஓய்வு பெற்று செர்டாங்கோடு இருந்துவிட்டார். பேத்தி கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள் என்று மகள் அந்த நீலக் குழலையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டாளாம். போன வாரம் அந்தப் பக்கம் போய்விட்டு வந்த பெருமாள் ஒரு செய்தி சொன்னான். அண்ணன் தினமும் காலையில் மார்க்கெட் எதிரிலுள்ள கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்கிறானாம், இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்களாம்.

"யாருடா அவன்?" என்று கேட்டேன்.

"தெரியல. புது ஆளு," என்றான் பெருமாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

நல்ல மனிதனாகவே இருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் அவனைப் பிடிக்கவில்லை.