மூக்கு நானாவின் நோன்பும் என் நாக்கும்

ஊவா மாகாணம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், அடுத்தவன் நாக்கை வைத்துக்கொண்டு தேயிலை செய்த டீமேக்கர் எங்கள் மூக்கு நானா ஒருவர்தான் அகப்படுவார். அந்த அடுத்தவன் நான். அதனால்தான் இன்றைக்கும் அவர் பேச்சை யாராவது எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. தெமோதரைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளாக்கர், கணக்கு எழுதுகிறவன். பச்சை இலை உள்ளே வந்ததிலிருந்து தேயிலைப் பெட்டி வண்டியேறும்வரை எல்லாம் மூக்கு நானாவின் பொறுப்பு. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். அவர் மூக்கைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வாசலில் நின்றபடியே, "மாடியில இலை வாடுனது போதும், எறக்குங்கடா" என்று கத்துவார். என் பக்கமாக ஒரு தடவை நடந்து போனால், காலையில் என் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். மனிதன் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அந்த வருஷம் அவருடைய ரமலான் நோன்பு மாதம் ஆடியில் வந்து விழுந்தது. ஆடியில்தான் எங்கள் மலைகளில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு இருக்கிற பெயரெல்லாம் அந்தக் காற்றில் வாடிய இலைக்குத்தான். கலந்து வைத்த ஒவ்வொரு கூட்டுத் தேயிலையையும் கொதிநீர் ஊற்றி, வாயில் உறிஞ்சி, ருசி பார்த்துத் துப்பிய பிறகுதான் பெட்டியில் அடைப்பார்கள். காலையில் நடக்கிற வேலை; நோன்பாளி எப்படி உறிஞ்சுவது?

"துப்பத்தானே போறீங்க நானா? உள்ள போகப்போறதில்லையே?" என்று விவரம் தெரியாமல் கேட்டுத் தொலைத்தேன்.

"வாய் துப்பிரும் கிளாக்கரே. மனசு முழுங்கிரும்" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக நாக்குப் பரிசோதனை நடந்தது. இஞ்சின் டிரைவர் நாக்கு சாராயத்தில் ஊறியது. இலை மாடிக் கங்காணி நாக்கு வெற்றிலையில் வெந்தது. சிங்கள ஃபிட்டர் நாள் முழுக்கச் சுருட்டோடு இருப்பவர். மிஞ்சியது நான். வெற்றிலை கிடையாது, புகை கிடையாது, குடி கிடையாது. ஒழுங்காக இருந்ததற்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள்!

அன்றிலிருந்து மிளகாய் கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, கருவாடு கூடவே கூடாது. அவராவது பொழுது சாய்ந்ததும் கஞ்சியும் வடையுமாக ஒரு பிடி பிடிப்பார். எனக்கு இரவும் பகலும் பத்தியம். மோர்ச்சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நோன்பு அவருக்கா, உங்களுக்கா?"

ருசி பார்க்கிற நேரத்தில் அவர் படுத்துகிற பாடு தனி. நான் உறிஞ்சுவேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"எங்க படுது? முன் நாக்குலயா, பின் நாக்குலயா?"

"நடுவுல."

"நடுவுலன்னா எந்த நடு? கவ்வுதா, தடவுதா?"

"கவ்வுது நானா."

"கன்னத்தக் கவ்வுதா, நாக்கக் கவ்வுதா?"

"என் உயிரைக் கவ்வுது!" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். "அது நல்ல இலைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை நீட்டினார்.

இருபது நாள் பொறுத்தேன். இருபத்தோராம் நாள் மைத்துனன் வெலிமடையிலிருந்து வந்தான். வீட்டில் கருவாட்டுக் குழம்பு, பச்சை மிளகாய்ச் சம்பல். மனிதன்தானே நானும்? ஒரு பிடி பிடித்தேன். மறுநாள் காலையில் நாக்கு தீயாய் எரிந்தது. சம்பல் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, வாய் நிறையக் கற்பூரவள்ளியை மென்றுகொண்டு போய் நின்றேன்.

"கவ்வுதா?" என்றார்.

"பிரமாதமாக் கவ்வுது."

கவ்வியது தேயிலையில்லை, முந்தின நாள் மிளகாய். அதை நம்பி அந்தக் கூட்டு முழுவதையும் பெட்டியில் அடைத்துவிட்டார். சாயங்காலம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லிக் குடித்துப் பார்த்தார். குடித்த வேகத்தில் துப்பினார்.

"சப்புன்னு இருக்கு! வெந்நீர் மாதிரி! யார் ருசி பாத்தது?"

மூக்கு நானா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நான்தான் தொரை."

"நாளைக்குப் பத்து மணிக்கு என் முன்னால நீ ருசி பாக்கணும். இல்ல, மூட்டையக் கட்டு."

துரை குதிரையேறிப் போனதும் நானா என் பக்கம் திரும்பினார். "சம்பல் நல்லா இருந்துச்சா?" என்றார். கற்பூரவள்ளியெல்லாம் அந்த மூக்கிடம் எடுபடவில்லை. என் வார்த்தையை மதித்துத்தான் காலையில் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"நானா, நான் போய் உண்மையச் சொல்லிர்றேன்."

"எனக்காக நாக்கக் குடுத்த மனுசன்கிட்ட பழியையும் தூக்கிக் குடுக்கவா? பேசாம இருங்க."

"பத்து மணிக்கு என்ன செய்வீங்க?"

"நோன்போட நிப்பேன்."

நானாவுக்கு ஆறு பிள்ளைகள். தங்கியிருப்பதோ தோட்டத்து வீடு. வேலை போனால் அன்றைக்கே எல்லோரும் ரோட்டில் நிற்க வேண்டும். இந்த லட்சணத்தில் பேசாமல் இருக்கச் சொல்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் விடிந்தும் விடியாமலும் பங்களாவில் போய் நின்றேன். ருசி பார்த்தது என் நாக்கு, தப்பு என் தப்பு, நானாவுக்கு நோன்பு, சூரியன் இறங்கியதும் ருசி பார்ப்பார் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அவனுக்காக நான் ஏன் காத்திருக்கணும்?" என்றார் துரை.

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்சுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒங்க கையெழுத்துக்காகத் தோட்டமே காத்துக்கிட்டுத்தானே இருக்கு தொரை" என்று சொல்லிவிட்டேன்.

துரையின் முகம் சிவந்தது. "ஆறரை மணி. தேயிலை சரியில்லன்னா ரெண்டு பேரும் வெளியே" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. தேயிலை தேறி நானா வேலை தப்புகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்துகொண்டேன். வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. நானா அன்று புதுக் கூட்டை எடுத்து, கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, கையால் தடவி, என் வாயைக் கேட்காமலே செய்து முடித்தார்.

ஆறேகாலுக்கே துரை கையில் கடிகாரத்தோடு வந்துவிட்டார். மேசையில் கோப்பைகள் வரிசையாக ஆவி விட்டன. சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. "முடிஞ்சுது. குடி" என்றார் துரை.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு தொரை" என்றார் நானா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேலை தொங்குகிறது, இவர் நிமிஷக் கணக்குப் பார்க்கிறார்! துரை பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிஷமும் நின்றார்.

நானா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். முதல் கோப்பையை எடுத்தார். எடுத்தவர், திரும்பி என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்க கிளாக்கரே."

"ஐயோ நானா, தொரை நிக்கிறாரு! நீங்க குடிங்க!"

"இருவத்திமூணு நாளா நோன்பு பிடிக்கிறவன் நான். பட்டினி கெடக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து ஒங்க வாயில பச்சத்தண்ணி படல. குடிங்க."

நேர்த்திக்கடன் இருக்கிறது என்றேன். "அப்ப சேந்து குடிப்போம், சாமி கோவிச்சுக்காது" என்று இன்னொரு கோப்பையை எடுத்துக்கொண்டார். துரை வாய் திறந்தபடி நின்றார். ஒரே நேரத்தில் உறிஞ்சினோம். யாரும் துப்பவில்லை. துரையும் ஒரு கோப்பையை எடுத்து மூன்று மிடறு குடித்தார். நோன்பு முடிகிறவரை ருசி பார்க்கிற மேசையை ஆறரைக்கே போடும்படி என்னிடம் உத்தரவிட்டுப் போனார்.

அந்தத் தேயிலை எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நானாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரோடு இன்னும் ஒன்பது வருஷம் தினம் தினம் சண்டை போட்டேன். இப்போது அவர் இல்லை. என் முகத்தைப் பார்த்து நான் சாப்பிட்டேனா என்று சொல்ல அப்புறம் யாரும் வரவில்லை.