பொருளுக்கு உரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும்

அசென்,
டிசம்பர் 6

அன்புத் தங்கை ஹில்லெகீனுக்கு, அண்ணன் லாம்மெர்ட் எழுதுவது. இங்கு நானும் என் இரண்டு முழங்கால்களும் நலம். அங்கு மாஸ்ட்ரிக்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்கள உட்கார வச்சது போதாதா, இப்ப பெரியவங்களையுமா?" என்று ஈஸ்டருக்குப் போனில் கேட்டாய். ஆமாம் அம்மா. சனிக்கிழமைதோறும் எங்கள் சமூகக் கூடத்தில் தொண்டர்கள் உடைந்த சாமான்களைச் சரிசெய்கிறார்கள். வாசலில் பெயர் எழுதுபவன் நான். பொருளைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது, பழுது பார்ப்பவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று பலகையில் எழுதியவனும் நானே. காரணம் இருக்கிறது. உதாரணமாக, ஒருவர் காப்பி இயந்திரம் தானாக நின்றுவிட்டது என்றார். உட்கார வைத்த கால்மணி நேரத்தில், பேரன் அதற்குள் சாக்லேட் பால் ஊற்றியது வெளியே வந்தது.

அப்படிப்பட்ட நான், சூடேறவில்லை என்று நீ தபாலில் அனுப்பிய, புத்தாண்டு க்னீப்பர் பிஸ்கட் சுடும் மின்பெட்டியை என்னுடையது என்று பொய் சொல்லி, தொண்டர் ரூல்ஃபீனின் மேசையில் வைத்தேன். அவள் பால்பண்ணை இயந்திரங்களைப் பிரித்து மாட்டி ஓய்வு பெற்றவள். பெட்டியைத் தொடுமுன் என்னைப் பிரித்தாள்.

"வாத்தியாரே, கடைசியா எப்போ சுட்டீங்க?"

"போன டிசம்பர்ல."

"மாவுக்கு எவ்வளவு வெண்ணெய்?"

"அது... தேவையான அளவு."

"சுட்டதும் சுருட்டினீங்களா?"

"ஓ, அழகா சுருட்டினேன்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. விரிந்து முடிந்த வருஷத்துக்காக டிசம்பரில் சுடுவது தட்டை, இனி விரியப்போகும் வருஷத்துக்காக ஜனவரி பிறந்தால்தான் சுருள் என்று நம் ஊர்த் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் எனக்கு மறந்துபோயிற்று. அடுத்த மேசையிலிருந்து யான்டீன் அம்மாள் எழுந்தாள்.

"போன வாரம் எம் புருஷன் ஷேவரைக் கொண்டாந்தேன். இடுப்பு பிடிச்சுக் கெடக்கார் சார்னேன். ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னீங்க. இதோ, நாற்காலியோட தூக்கிட்டு வந்திருக்கோம்!"

"ஷேவர் பாதியில நின்னுபோய், பாதித் தாடியோட பத்து நாள் சார்," என்றார் நாற்காலியிலிருந்த எவர்ட். இடது கன்னம் சாட்சி சொன்னது.

நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். ரூல்ஃபீன் பெட்டியை அலமாரியில் ஏற்றிவிட்டாள். "உங்க தங்கச்சி வரட்டும். அதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூவையும் தொட மாட்டேன்."

ஆகவே ஹில்லெகீன், நீ வந்தே ஆக வேண்டும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் உன் டப்பா க்னீப்பரால் நிறையாவிட்டால், உன் மாமியார் வீட்டார் பழக்கேக்கை வெட்டி அதுதான் புத்தாண்டு என்று சொல்லிவிடுவார்கள். மேலும், இந்த வருஷம் வருகிறேன் என்று நீ சொல்வது இது மூன்றாவது வருஷம். என் வீட்டில் இன்னொரு கட்டில் இருக்கிறது.

உன் வீட்டில் எல்லா விளக்குகளிலும் வெளிச்சமும் எல்லா நாற்காலிகளிலும் ஆட்களும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
லாம்மெர்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ரூல்ஃபீன் பெட்டியோடு வந்தாள். மனசு கேட்கவில்லையாம். ஒரு ஸ்க்ரூவையும் தொடாமல் என் சமையலறையில் பிளக்கைச் செருகினாள், பெட்டி சுட்டது. அதில் பழுதே இல்லை. "உங்க தங்கச்சி வீட்டு பிளக் பாயிண்ட்தான் கெட்டிருக்கு. சுவரை எப்படித் தூக்கிட்டு வருவா? நாமதான் போகணும்," என்கிறாள். இருபதாம் தேதிக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டோம். அதற்குள் நீ ஒன்று செய்: அதே பிளக் பாயிண்டில் மேசை விளக்கைச் செருகிப் பார். எரிந்தால் எனக்குச் சொல்லாதே.