கணக்குப்படி வந்த பெருநாள்

எதையும் முன்கூட்டியே திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வானமும் தங்களைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று நம்புவார்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எனக்கு அது முற்றியிருந்தது. (கல்யாணமான புதுசு வேறு. இரண்டும் சேர்ந்தால் மருந்தில்லை.)

அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் நோன்புப் பெருநாளுக்கு விருதுநகரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குப் பஜாரில் வத்தல் வியாபாரம். இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். இல்லையென்றால் இன்னொரு நோன்பு. நான் மத்தியானமே முடிவுசெய்துவிட்டேன்.

"நாளைக்குப் பெருநாள்தான் மாமா. கறிக்குச் சொல்லிருங்க."

"பிறை பாத்துட்டுச் சொல்லுவமே மாப்ளே."

"கடையில கூட்டமாயிரும். நான் காலண்டர் கம்பெனியில இருக்கேன், கணக்கு தப்பாது."

புது மாப்பிள்ளை பேச்சை யார் மறுப்பது? ஆடு அறுபட்டது. மறுநாள் சாப்பாட்டுக்குப் பஜார்க் கூட்டாளிகளையும் மாமனார் அழைத்துவிட்டார்.

நோன்பு திறந்ததும் குடும்பமே மொட்டை மாடி ஏறியது. மேற்கே ஐப்பசி மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. பிறைக்குப் பதில் தூறல் விழுந்தது.

"மேகத்துக்குப் பின்னாலதான் இருக்கு மாமா."

"இருக்கட்டும் மாப்ளே. யாரு கண்ணுலயாவது படணும்ல?"

எந்த ஊரிலும் படவில்லை. நாளைக்கு முப்பதாம் நோன்பு என்றது பள்ளிவாசல் ஒலிபெருக்கி. எல்லோரும் வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"வெட்டுன கறியை என்ன செய்ய?" என்றார் மாமி.

"ஆக்கு. கூப்பிட்டவுகளுக்கு நோன்பு இல்லையே, அவுகளாவது சாப்பிடட்டும்," என்றார் மாமனார்.

மறுநாள் தெரு முழுக்கப் பிரியாணி வாசனை. வீடு முழுக்க நோன்பு. வந்தவர்களுக்குப் புதுச் சட்டையில் நான்தான் பரிமாறினேன். பருப்பு மண்டி அண்ணாச்சி முதல் வாய் வைத்தார்.

"உப்பு கம்மியோ?"

"எங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? மாப்பிள்ளையைக் கேளுங்க. அவுகளுக்குப் பாக்காமலே எல்லாம் தெரியும்," என்றார் மாமனார்.

சாயங்காலம் நோன்பு திறக்கும்போது எங்களுக்கு மிஞ்சியது அடிச்சட்டிச் சுரண்டல். அடுத்த நாள் நிஜப் பெருநாள். கடைக்காரன் சிரிப்பான் என்று மாமனார் கறிக்கடைப் பக்கமே போகவில்லை. விஷயம் கேள்விப்பட்ட அண்ணாச்சி, தன் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கத்தரிக்காய்ச் சாம்பார் கொடுத்தனுப்பினார். புது மாப்பிள்ளை விருந்து இனிதே நடந்தது.

இன்றும் இருபத்தொன்பதாம் நோன்பு அன்று தவறாமல் அண்ணாச்சி போன் செய்வார்.

"என்ன மாப்ளே, நாளைக்கு எங்க வீட்ல சாம்பார் வைக்கவா, வேண்டாமா?"

"தெரியாது அண்ணாச்சி," என்பேன். இப்போதெல்லாம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பக்கத்திலிருந்து என் மனைவிதான் குரல் கொடுப்பாள்: "வைக்கச் சொல்லுங்க. எதுக்கும் இருக்கட்டும்."