ரொட்டிக்குப் பவுடர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். அந்த ஆறு பேர் பெற்றதில் நாலு பேரையும் நான்தான் வளர்த்தேன். ஆகப் பத்துத் தலை. பத்துத் தலைக்கும் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்ட கை இது. இந்தக் கையைப் பற்றித் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தவள் நான். அதனால்தான் இதைச் சொல்ல இத்தனை வருஷம் பிடித்தது.

(எழுத்து என்றால் எனக்கு என் பெயர் மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி ஹம்சினி. கதை அவளுடைய தலையைப் பற்றியது என்பதால் பொய் சொல்லவும் வழியில்லை.)

பத்தாவது தலைதான் ஹம்சினி. என் கடைசி மகனுடைய மகள். மகனுக்குக் கொழும்பில் கடை வேலை. மருமகள் சுமதி மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவாள். பிள்ளைக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் தலை வாரும்போது, வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. தேசிக்காய், எலுமிச்சை அளவு. புண் இல்லை, சொறி இல்லை. வழவழவென்று வெறும் தோல். இரண்டு வாரத்தில் காதுக்கு மேலே இன்னொன்று. பிறகு பிடரியில் ஒன்று.

"புழுவெட்டு," என்றேன். பத்துத் தலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? சின்ன வெங்காயத்தை நசுக்கி வைத்துத் தேய்த்தேன். பிள்ளை போட்ட கத்தலில் கீழ் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஏறி வந்து பார்த்தார்கள். முடி வரவில்லை. வெங்காய நாற்றம்தான் மூன்று நாள் போகவில்லை.

காலையில் தலையணையில் முடி கிடக்கும். சுமதி பார்ப்பதற்கு முன்னால் நான் அள்ளி அடுப்பில் போட்டுவிடுவேன். அவள் பார்த்தால் அன்றைக்கு மலைக்குப் போக மாட்டாள், மூலையில் உட்கார்ந்துவிடுவாள். (முடி கருகினால் வாசம் வரும் என்பது இந்த அறிவாளிக்குத் தோன்றவில்லை. சுமதிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தோம்.)

பிள்ளைக்கு வயிறும் சரியில்லை. ஊதிக்கொண்டே இருக்கும், தின்றது உடம்பில் ஒட்டாது. கடைசியில் டயகமையிலிருந்து பஸ் பிடித்து நுவரெலியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு சிங்கள லேடி டாக்டர், சின்ன வயசு, தமிழைக் கல்லில் நடப்பதுபோல நிதானமாகப் பேசுவார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். தலையில் இருப்பது புழுவும் இல்லை, ஒட்டுகிற வியாதியும் இல்லை. பிள்ளையின் உடம்பே தன் முடியோடு சண்டை பிடிக்கிறது. அதே உடம்புக்குக் கோதுமையும் ஆகவில்லை, அதனால் குடல் கெட்டுப்போகிறது.

"கோதுமை நிப்பாட்டினா முடி வரும்னு சத்தியம் பண்ண ஏலாது. வரலாம், வராமலும் போகலாம்," என்றார். "ஆனா குடலுக்கு அது வெஷம். ஒரு துளி, ஒரு தூள்கூடப் போகக் கூடாது."

நான் அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தேன். தோட்டத்தில் மா என்றாலே கோதுமை மாதான். காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவது ரொட்டி, விருந்தாளி வந்தால் அவசரத்துக்கு ரொட்டி. சோறில்லாமல் இரு என்றால் இருப்போம். ரொட்டி இல்லாமல் இரு என்று யாராவது சொல்வார்களா?

சுமதி டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பாண், பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாவற்றையும் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்தாள். ரவையையும் எடுத்தாள். (ரவையும் கோதுமைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அறுபத்தேழு வயது வரை அது தனியாக ஒரு செடியில் காய்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) பிள்ளைக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி ரொட்டிக்கல். எல்லாவற்றிலும் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினாள்.

நான் சும்மா இருப்பேனா? "புள்ளைக்கு ரொட்டி என் பொறுப்பு," என்று மார்தட்டினேன். கோதுமைக்குப் பதிலாகக் குரக்கன், அதாவது கேழ்வரகு. கடை மாவில் என்ன கலந்திருக்குமோ என்று குரக்கனாகவே வாங்கி, கழுவி, காயவைத்து, வீட்டிலேயே திருகையில் அரைத்தேன். காலையில் முதல் ரொட்டி பிள்ளைக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுடைய கோதுமை மாவையே பிசைவேன். அவ்வளவு சுத்தம்.

ஆறு மாதம் போனது. முடி வரவில்லை, இருந்ததும் போனது. ஒரு பக்கப் புருவம் பாதியாய் நின்றது. மறுபடி ரத்தம் பார்த்த டாக்டர் தாளைக் கீழே வைத்தார்.

"ரத்தத்துல அந்த அளவு இறங்கவே இல்ல. யாரோ புள்ளைக்குக் கோதுமை குடுக்குறாங்க. மூணு மாசத்துல திரும்பப் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா கண்டிக்கு அனுப்பணும். மயக்க மருந்து குடுத்து, வாய் வழியாக் குழாய் விட்டுக் குடலைப் பாக்கணும்."

பஸ்ஸில் வரும்போது பிள்ளை என் மடியில் தூங்கியது. அந்தச் சின்ன வாயைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குள்ளே குழாயா? 'யாரோ' என்றாரே, அந்த யாரோவை மூன்று மாதத்துக்குள் பிடிக்காவிட்டால் நான் பத்துத் தலை வளர்த்தவளே இல்லை என்று சபதம் எடுத்தேன்.

முதல் சந்தேகம் சுமதி மேல். அவள் மலைக்குக் கொண்டுபோகும் பையைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அத்த, எம்புள்ளைக்கு நானே வெஷம் வைப்பேனா?"

"வைக்க மாட்டே. ஆனா புள்ள அழுதா மனசு எளகிடும்ல?"

"எனக்கு எளகாது. உங்களுக்குத்தான் எளகும்."

"எனக்கா! நல்லாச் சொன்ன போ!"

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. பிள்ளை ஒவ்வொரு முறை வீட்டுக்குள் வரும்போதும் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தேன். கவுன் பையைத் திருப்பித் திருப்பித் தட்டினேன். நடுவில் ஒரு நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. எங்கேயோ, யாரோ கொடுக்கிறார்கள். வீட்டில் இல்லை என்றால் எங்கே?

பிள்ளைக்காம்பரா!

தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. பார்த்துக்கொள்கிறவள் ரீட்டா. இருபது வருஷமாக அந்த வேலையில் இருப்பவள். என் மற்றப் பேரப்பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைத்துவிட்டவள். புழுவெட்டு ஒட்டும் என்று சில தாய்மார் சண்டைக்கு வந்தபோது, ஹம்சினியைத் தன் மடியிலேயே உட்காரவைத்து, "எனக்கு ஒட்டட்டும், பாப்போம்," என்றவளும் அவள்தான். அதெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பிள்ளைக்காம்பராவின் பின்னாலிருக்கும் தேயிலைக்குள் குந்தினேன். இரண்டு நாள் குந்தினேன். கால் மரத்துப்போனது. அட்டை என் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தது. இரண்டாம் நாள் பத்து மணிக்கு ஜன்னல் வழியாகக் கண்ணால் கண்டேன்: ரீட்டா ஹம்சினியின் கையில் வெள்ளையாக எதையோ வைத்தாள். பிள்ளை வாயில் போட்டது.

அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கும் பகல் நிறுவைக்குப் பெண்கள் எல்லாம் கொழுந்து மடுவக் கொட்டகையில் கூடுவார்கள். பிள்ளைக்காம்பரா அதற்குப் பக்கத்தில்தான். நிறுவை நடக்கும்போது ரீட்டாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினேன்.

"எம்பேத்தி தலை மொட்டையாப் போனதுக்கு இவதான் காரணம்! பிஸ்கட் குடுத்தா! ரெண்டு நாளு தேயிலைக்குள்ள குந்தியிருந்து நான் பாத்தேன்!"

கணக்கப்பிள்ளை தராசை விட்டுவிட்டுத் திரும்பினார். ரீட்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பெரியம்மா, அது தேங்காச்சில்லு."

"தேங்காயா? அதுமேல மாவத் தடவிக் குடுத்திருப்ப!"

(தேங்காயில் எதற்கு மா தடவ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.)

சுமதி கூட்டத்திலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். ரீட்டா அழவில்லை. "அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறேன். டாக்டரம்மா முன்னாடி வச்சுக் கேளுங்க. நான் குடுத்தேன்னு அவங்க சொன்னா, நான் இந்த வேலைய விட்டுட்டுப் போறேன்," என்றாள். அதோடு அடுத்த நாளிலிருந்து சில தாய்மார் பிள்ளைகளை அவளிடம் விடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கிளினிக் நாள் வந்தது. பஸ்ஸில் முன் சீட்டில் நான், பிள்ளை, சுமதி. நாலு சீட் பின்னால் ரீட்டா. இரண்டு வாரத்துக்கு முன்பு எடுத்த ரத்தத்தின் தாள் டாக்டர் மேசையில் இருந்தது. அதைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார்.

"அளவு குறையவே இல்ல."

"குறையாது டாக்டரம்மா!" என்று எழுந்தேன். "குடுக்குறவளக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். கேளுங்க!"

டாக்டர் ரீட்டாவைப் பார்த்தார். ரீட்டா, பிள்ளைக்கு என்னென்ன கொடுத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்: தேங்காய், வாழைப்பழம், சுமதி கட்டிக்கொடுத்த சோறு. டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆச்சி, வீட்டுல யார் சமைக்கிறது?"

"நான்தான். இந்தக் கையால."

"ரொட்டி எப்படிச் செய்றது? காட்டுங்க."

இதென்ன கேள்வி! ரொட்டி சுடத் தெரியாத சிங்களத்தி என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். மேசைமேல் வெறுங்கையால் குரக்கன் மாவைக் கொட்டினேன். தேங்காய்ப்பூ போட்டேன், உப்புப் போட்டேன், தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். உருண்டை பிடித்தேன். உருண்டையைத் தட்டில் வைத்தேன். கை வலப்பக்கம் போனது, ஒரு சிட்டிகை எடுத்தது, தூவியது, திரும்ப வந்து தட்ட ஆரம்பித்தது.

"நில்லுங்க. அது என்ன?"

"எது?"

"இப்பப் போட்டீங்களே, மேல?"

"நான் ஒண்ணும் போடல்லியே."

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷமாக உருண்டை பிடித்ததும் என் கை அடுப்பின் வலப்பக்கத்துத் தகரத்துக்குள் போய் வரும். மா கையில் ஒட்டாமல் இருக்க. அது சமையலில் ஒரு பங்கு என்றே என் கணக்கில் இல்லை. மூச்சு விடுவதைச் சமையலில் சேர்ப்போமா?

ஹம்சினி சுமதியின் மடியிலிருந்து சொன்னாள்:

"அப்பாயி ரொட்டிக்குப் பவுடர் போடுவாங்க."

"என்ன பவுடர், பபா?" என்றார் டாக்டர்.

"வெள்ளைப் பவுடர். பெரிய தகரத்துல இருக்கு. அம்மா திங்கிற ரொட்டிக்கு எடுப்பாங்களே, அந்த மா."

சுமதி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது என் கையை. அது இன்னும் மேசைமேல் ரொட்டி தட்டுகிற மாதிரியே விரிந்து கிடந்தது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குரக்கனைக் கழுவியது, காயவைத்தது, திருகையில் அரைத்தது... ஒன்பது மாதமாக, ஒவ்வொரு காலையும், கோதுமை மாவை என் பேத்திக்கு நானே ஊட்டியிருக்கிறேன்.

டாக்டர் திட்டவில்லை. "இப்ப தெரிஞ்சதே, அது நல்லது. கண்டிக்கு இப்ப வேணாம். இன்னும் ஒரு மூணு மாசம் பாப்போம்," என்றார்.

வெளியே வந்ததும் ரீட்டாவிடம் போனேன். வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். அவள் என்னை முழுசாகப் பார்த்தாள்.

"பெரியம்மா, திட்டினது கொழுந்து மடுவத்துல. மன்னிப்பு மட்டும் ஆஸ்பத்திரி வாசல்லயா?"

நியாயம்தானே. அடுத்த நாள் பகல் நிறுவைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை என்னைக் கண்டதும் தராசைப் பிடித்துக்கொண்டார், இன்றைக்கு யாரோ என்று. அத்தனை பெண்களும் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். ரீட்டாவும் வந்து நின்றாள்.

"ரீட்டா குடுக்கல. புள்ளைக்குக் கோதும மா குடுத்தவ நான்தான். இந்தக் கைதான். உங்க புள்ளைகளத் திரும்ப அவகிட்ட விடுங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏன் பெரியம்மா, ரெண்டு நாளு தேயிலைக்குள்ள குந்தியிருந்தது உங்களப் புடிக்கவா?" என்றாள். மடுவமே சிரித்தது. ரீட்டா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. எனக்கும் பாரம் இறங்கியது.

அன்றிலிருந்து பிள்ளையின் ரொட்டி சுமதி கையால். மூன்று மாதத்தில் ரத்தத்தில் அந்த அளவு இறங்கியது, கண்டிக்குப் போகவேயில்லை. வயிறு வற்றியது. முடிக்கு இன்னும் நாள் எடுத்தது. முதலில் பூனை மயிர்போல வெள்ளையாக வந்தது, பிறகு கறுத்தது. காதுக்கு மேலே ஒரு வட்டம் மட்டும் இன்றுவரை சரியாக மூடவில்லை. திரும்பக் கொட்டினாலும் கொட்டலாம் என்று டாக்டர் சொல்லித்தான் வைத்திருக்கிறார். ஹம்சினி அதைக் கிளிப் போட்டு மறைப்பதும் இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. கறியில் உப்புக் கூடினால், சாவி காணாமல் போனால், பக்கத்து வீட்டுக் கோழி தொலைந்தால்கூட, முதலில் எல்லாரும் என் பக்கம் திரும்பி, "அப்பாயி, கையக் காட்டுங்க!" என்கிறார்கள். போன மாதம் ரீட்டா வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் வடை குறைந்துபோனது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் ரீட்டா என்னிடம் வந்து, கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். வேறு என்ன செய்ய?

சரி, பேனாவை வை ஹம்சினி. முதலிலிருந்து வாசி. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுத இடத்தை மட்டும் விட்டுவிடு.

"அழுததா? அப்பாயி, அத நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்லலயா? அப்ப சரி. வாசி."